காணாமல்போன ‘னு’

அத்தியாயம் 17

அன்று வியாழக்கிழமை. செய்திச் சேனலில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தக் கிழமையின் பெயரைச் சொன்னாலே கலக்கம்தான். காலை பதினோரு மணிக்கு அந்த வாரத்து ரேட்டிங் வந்துவிடும். யார் முதலிடம், யார் கடைசி என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

ஆனால் அந்த வீட்டில் கலக்கம் காலை ஆறரைக்கே தொடங்கிவிட்டது.

இந்த வீட்டுக்குள் வாராவாரம் வந்துபோகிறவர்களுக்கு எல்லாரையும் தெரியும். இன்றைக்குத்தான் முதன்முதலாக வருகிறவர்களுக்காகச் சில வரி. அப்பா எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தவர். பெரியவள் செய்திச் சேனலில் வீடியோ எடிட்டர். கணவர் கப்பலில் எஞ்சினியர் என்பதால் எட்டு மாதமாகப் பெற்றோர் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். சின்னவன் அரசு மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணிக்குக் கூடுதல் ஆள் வேண்டும் என்று நர்ஸுகள் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து மூன்று நாளாகிறது. சங்கத்தின் சார்பில் மைக்கில் பேசுகிறவன் அவன்தான். சம்பளம் வாங்குகிறவன் வேலையை விட்டு வாசலில் உட்காரலாமா என்று அப்பா அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

சின்னவன் குளித்து உடை மாற்ற வந்திருந்தான். அவன் கூடத்துக்குள் நுழைந்ததும் அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

"துண்டு கொடியில காயுதுன்னு அவன்கிட்ட சொல்லு" என்றார் அம்மாவிடம்.

"அவன் உங்க எதிர்லதான் நிக்கிறான். காது நல்லாத்தான் இருக்கு அவனுக்கு."

"நீ சொல்லு."

"துண்டு கொடியில காயுதாம்பா" என்றாள் அம்மா. "மூணு நாளா இந்த வீட்டுல தபால்காரி வேலை பார்க்கிறேன். ஸ்டாம்பு ஒட்டாத குறைதான்."

சின்னவன் சிரித்துக்கொண்டே போனான். குளித்து வந்து, மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த அக்காவை வழிமறித்தான்.

"அக்கா, நேத்து சாயங்காலம் உங்க சேனல் மைக் வந்துச்சு. அரை நிமிஷம் நிதானமாப் பேசினேன். கொஞ்சம் ஒழுங்காப் போடச் சொல்லேன்."

"நல்லாப் பேசினியா?"

"கோபமே படல. நம்ம அப்பா பார்த்தாக்கூடப் புரிஞ்சுக்குவாரு."

"அப்புறம் என்ன, நல்லாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள் பெரியவள்.

அவனுக்குத் தைரியம் சொல்வதற்காகச் சொன்ன வார்த்தைதான் அது. பதினோரு வருடம் அந்த எடிட்டிங் அறையில் உட்கார்ந்தவளுக்கு உள்ளே வேறு பயம் இருந்தது.

*

பதினொன்று ஐந்துக்கு ரேட்டிங் வந்தது. போன வாரம் மூன்றாமிடம். இந்த வாரம் நான்கு.

செய்தி ஆசிரியரின் அறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அன்று சாத்தியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டே போனில் பேசுவதும், "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டுவதும் தெரிந்தது. எதிர்முனையில் முதலாளி என்பதை அந்தத் தலையாட்டலிலேயே எல்லாரும் புரிந்துகொண்டார்கள். முதலாளிக்குச் சேனல் தவிர சிமென்ட் ஆலையும் இருந்தது. அரசாங்கம் கட்டுகிற பாலத்துக்கெல்லாம் அவருடைய சிமென்ட்தான். ஆகவே அமைச்சர்களைக் கோபப்படுத்துகிற செய்தி அந்தச் சேனலில் எப்போதும் குட்டையாகவும், அவர்களைச் சந்தோஷப்படுத்துகிற செய்தி நீளமாகவும் இருக்கும். அப்படி ஓர் உத்தரவு எந்தக் காகிதத்திலும் கிடையாது. எல்லாருக்கும் கைப்பழக்கமாகவே வந்துவிட்டது.

கதவு திறந்தது. செய்தி ஆசிரியர் நேராக எடிட்டிங் அறைக்கு வந்தார். நல்ல மனிதர். ஊழியர்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தானே போன் செய்து விசாரிக்கிறவர். அன்று அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஒரு மணி செய்தியில ஏதாவது பத்திக்கணும்" என்றார். "அடுத்த வாரமும் நாலுன்னா, ராத்திரி ஷிப்டையே மூடிடுவேன்னு சொல்லிட்டாரு. இருபத்தாறு பேர். நான் யார் யாரை வீட்டுக்கு அனுப்புறது?"



அவர் பெரியவளின் மேசையில் ஒரு துண்டுச்சீட்டை வைத்தார். ஆஸ்பத்திரி வாசல் பேட்டி. ஆரம்பிக்க வேண்டிய விநாடி, முடிக்க வேண்டிய விநாடி. இரண்டு எண்களுக்கும் நடுவே ஆறு விநாடி.

அவள் ஹெட்போனை மாட்டினாள். திரையில் தம்பி வந்தான். காலையில் பார்த்த அதே முகம், தூக்கமில்லாத கண்.

முழுப் பேச்சும் முப்பத்தொரு விநாடி. அவன் சொன்னது இதுதான்:

"ராத்திரியில ஒரு நர்ஸுக்கு நாப்பத்திரண்டு நோயாளிங்க. பத்துப் பேருக்கு ஒருத்தர்னு விதி இருக்கு. நாங்க கேக்கறது அதைத்தான், வேற எதுவும் இல்ல. அமைச்சர் என்ன சொல்றார்? எங்களுக்கு நோயாளிங்களைப் பத்திக் கவலை இல்ல, வேலையை விட்டுட்டு வாசல்ல உக்காந்துட்டோம்னு சொல்றார். அவசரப் பிரிவுல இந்த நிமிஷம்கூட எங்க ஆளுங்க எட்டுப் பேர் நிக்கிறாங்க. எப்ப யார் வந்தாலும் பார்ப்போம்."

சீட்டில் இருந்த ஆறு விநாடி எது என்று பார்த்தாள். "எங்களுக்கு நோயாளிங்களைப் பத்திக் கவலை இல்ல, வேலையை விட்டுட்டு வாசல்ல உக்காந்துட்டோம்."

அவ்வளவுதான். ‘உக்காந்துட்டோம்னு சொல்றார்’ என்பதில் அந்த ‘னு’ போய்விட்டது. அமைச்சர் சொன்ன வார்த்தை தம்பியின் வாக்குமூலமாகிவிட்டது.

பெரியவள் ஹெட்போனைக் கழற்றினாள். "சார், இது என் தம்பி."

செய்தி ஆசிரியர் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

"தெரியும் சார், உங்களுக்குத் தெரியாதுன்னு."

மேசையிலிருந்த சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு, "அப்படின்னா நீங்க வெட்ட வேணாம். உங்க கையால வேணாம். பக்கத்து மேசையில கொடுத்துடறேன்" என்றார்.

அவர் கருணையாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. அவளுக்கு அந்த நிமிஷம் நன்றிகூட வந்தது. தம்பிக்கு வரப்போவதை நிறுத்தாமல், தன்னை மட்டும் அதிலிருந்து விலக்கிவிட்ட மனிதருக்கு நன்றி!

பக்கத்து மேசைக்காரருக்கு அலுவலகத்தில் ‘மௌனம்’ என்று பெயர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அக்கா, வெட்டட்டுமா?"

‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ராத்திரி ஷிப்டின் இருபத்தாறு பேர், கண்ணாடி துடைத்த கை, பதினோரு வருடப் பழக்கம் எல்லாம் சேர்ந்து அதை உள்ளே தள்ளிவிட்டன.

"உங்க மேசைக்கு வந்த வேலை. நீங்க பாருங்க" என்றாள்.

எழுந்து வெளியே போய்விட்டாள்.

*

ஒரு மணிக்கு வீட்டில் அப்பா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். மகள் வேலை பார்க்கிற சேனல். அந்த வீட்டில் வேறு சேனல் ஓடி எட்டு மாதமாகிறது.

"கவலை இல்ல... உக்காந்துட்டோம்" என்று சின்னவனின் குரல் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். திரையில் அவன் முகத்தின் கீழே சிவப்புப் பட்டையில் பெரிய எழுத்து: ‘நோயாளிகள் பற்றிக் கவலையில்லை! நர்ஸுகளின் திமிர்ப் பேச்சு!’ அடுத்து ஸ்ட்ரெச்சரில் கிடக்கிற யாரோ ஒருவர். அடுத்து மறுபடியும் சின்னவன். மூன்று முறை காட்டினார்கள்.

"ஐயோ, இந்தப் பையன் இப்படியா பேசுவான்!" என்றாள் அம்மா.

அப்பா எழுந்தார். திரைக்கு ஒரு முழம் நெருக்கமாகப் போய் நின்றுகொண்டார். நான்காவது முறை காட்டியபோது கையைத் தூக்கி, "அதோ பார்" என்றார்.

"என்னத்தைப் பார்க்கிறது?"

"அவன் வாய். ‘உக்காந்துட்டோம்’னு முடிச்சவன் உதடு மூடியிருக்கணுமில்ல? மூடல. அதுக்குள்ள படம் மாறிடுச்சு. வாய்க்குள்ள இன்னும் ஏதோ இருக்கு. பிடுங்கிட்டாங்க."

முப்பது வருடம் தராசின் முள்ளைப் பார்த்தே எதிரே நிற்கிற ஆளை எடைபோட்ட கண் அது. மகன்மேல் கோபம் இருந்தது. அதற்காகக் கண் பார்த்ததை இல்லை என்று சொல்ல அவருக்கு வராது.

டிவியை அணைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ரிமோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். சட்டை மாற்றினார்.

"எங்க கிளம்பிட்டீங்க? சாப்பிடல நீங்க!"

"பெரியவளைப் பார்க்கணும்."

"போன் பண்ணுங்களேன்."

"போன்ல கேக்கற கேள்வி இல்ல" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

*

அதே நேரம் மருத்துவமனையில் சின்னவன் அவசரப் பிரிவில் இருந்தான். ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை அவன் முறை. வாசலில் உட்கார்ந்திருந்தாலும் சங்கத்தார் முறை வைத்துக்கொண்டு உள்ளே வேலை பார்த்தார்கள். டிவி பார்க்க அவனுக்கு நேரமில்லை. அக்காவின் பெயரில் போன் இரண்டு முறை அடித்தும் அவன் எடுக்கவில்லை.

ஒன்று நாற்பதுக்கு ஒரு லாரி டிரைவர் தன் மனைவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அந்த அம்மாவுக்கு மூச்சு இரைத்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. சின்னவன் கட்டிலைக் காட்டி, தலைப்பக்கத்தை உயர்த்தி, ஆக்ஸிஜன் மாஸ்க்கை எடுத்தான்.

டிரைவர் அவன் முகத்தைப் பார்த்தார்.

"நீதானே அவன்? இப்ப வெளியில டிவியில வந்தவன்?"

"அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க, மாஸ்க் போடணும்."

"கவலை இல்லன்னு சொன்னவன் நீ. உன் கை என் பெண்டாட்டி மேல படக் கூடாது!"

மார்பில் கைவைத்துத் தள்ளினார். சின்னவன் மருந்து வண்டியில் மோதி விழுந்தான். பாட்டில்கள் உருண்டன. ‘நான் அப்படிச் சொல்லல’ என்று விளக்கலாம். அதற்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷம் கட்டிலில் கிடந்தவளிடம் இல்லை.

எழுந்தான். பக்கத்துக் கட்டிலருகே நின்ற சிஸ்டரைக் கூப்பிட்டான். மாஸ்க்கை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அங்கிருந்தே சொன்னான்: "சிஸ்டர், ஆக்ஸிஜன் முழுசாத் திறங்க. நெபுலைசர் ரெண்டாவது தட்டுல. டாக்டர் வந்துட்டிருக்காரு. ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு எவ்வளவு காட்டுது? எண்பத்தாறா? சரி, விடாதீங்க."

பத்து நிமிடத்தில் தொண்ணூற்று நான்கு ஆனது. டிரைவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்த குரல் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. சின்னவனும் வெளியே வரவில்லை.

போன் மறுபடி அடித்தது. எடுத்தான்.

"சின்னவனே..." என்றாள் பெரியவள்.

"என்ன போட்டாங்க அக்கா, என் பேச்சுல?"

சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

"நீ வெட்டினியா?"

"இல்லடா. பக்கத்து மேசையில வெட்டினாங்க."

"உனக்குத் தெரியுமா, வெட்டப்போறாங்கன்னு?"

"தெரியும். எழுந்து போயிட்டேன்."

அவன் திட்டியிருந்தால் அவளுக்கு இலேசாக இருந்திருக்கும். "சரிக்கா, எனக்கு இங்க வேலை இருக்கு" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

*

இரண்டரைக்கு வரவேற்பறையிலிருந்து அழைப்பு வந்தது. "மேடம், உங்கப்பான்னு ஒரு பெரியவர். அரை மணி நேரமா உக்காந்திருக்கார். நீங்க வேலையா இருப்பீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு சொல்லிட்டு இருந்தார். நான்தான் மனசு கேக்காம கூப்பிடறேன்."

அப்பா சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தலைக்குமேல் பெரிய திரையில் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதில் அவர் மகன் வந்துபோனான்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"அதை விடு. அவன் முழுசா என்ன சொன்னான்?"

அவளுக்கு ஒரு வார்த்தை பிசகாமல் மனப்பாடமாகியிருந்தது. சொன்னாள். ‘னு சொல்றார்’ வந்த இடத்தில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ வெட்டினதா?"

"இல்ல. ஆனா தடுக்கல." கொஞ்சம் நிறுத்தினாள். பாதியோடு நிறுத்தினால் இதுவும் இன்னொரு வெட்டு என்று தோன்றியது. "அப்பா, இன்னைக்கு நான் வெட்டல, அவ்வளவுதான். இதுக்கு முன்னாடி இந்த மாதிரி எத்தனையோ வெட்டியிருக்கேன். அவங்க யாரும் என் தம்பி இல்ல. அதனால ராத்திரி தூக்கம் வந்துச்சு."

அப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம டிவிக்குப் பின்னால ஒரு கறுப்புப் பெட்டி இருக்கே..."

"ஸ்டெபிலைசர்."

"ஸ்டெபிலைசர் இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரேட்டிங் எடுக்கிற பெட்டி. மூணு வருஷம் முன்னால ரேட்டிங் கம்பெனிக்காரங்க வந்து வெச்சாங்க. வீட்டுல ஆளுக்கு ஒரு நம்பர். யார் டிவி பார்க்கிறாங்களோ அவங்க தங்களோட நம்பரை ஒரு சின்ன ரிமோட்ல அழுத்தணும். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க. உன்கிட்டக்கூடச் சொல்லல."

 எந்த வீடுகளில் அந்தப் பெட்டி இருக்கிறது என்று சேனல்காரர்கள் யாருக்கும் தெரியக் கூடாது. அப்படிப்பட்ட ஒரு வீட்டின் கணக்கு பல ஆயிரம் வீடுகளுக்குச் சமம். அந்த வீட்டு மாடியில் ஒரு சேனல்காரி எட்டு மாதமாகக் குடியிருக்கிறாள்!

"டிவி சேனல்ல வேலை பார்க்கிறவங்க வீட்டுல இருக்கக் கூடாதுன்னு படிவத்துல இருந்துச்சு. அப்ப நீ வேற வீட்டுல இருந்தே. ‘இல்லை’ன்னு எழுதினேன், உண்மைதான். நீ குடிவந்த அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

"ஏம்ப்பா?"

"வியாழக்கிழமை ஆனா நீ எப்படி வீட்டுக்கு வர்றேன்னு பார்த்தேன். முகமே இருக்காது. என்னால ஆன உதவின்னு..." அப்பாவின் குரல் இறங்கியது. "காலையில அஞ்சு மணிக்கு உன் சேனலைப் போட்டுடுவேன். நான் ஒருத்தன்தான் பார்ப்பேன். மூணு பேர் நம்பரையும் அழுத்திடுவேன். உங்கம்மா பாவம், எட்டு மாசமாப் பக்கத்து வீட்டுல போய் சீரியல் பார்க்கிறா. தராசுத் தட்டுக்கு அடியில புளி ஒட்டி வெச்சிருந்த ஆளுங்களை நான் எத்தனை பேரைப் பிடிச்சிருப்பேன்! அதையே நான் செஞ்சேன்."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.  தலைக்குமேல் சின்னவன் மறுபடியும் வந்து, ‘உக்காந்துட்டோம்’ என்று பாதியில் நின்றான்.

"நான் அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லப்போறேன்" என்றார் அப்பா.

"சொன்னா நான்தான் பெட்டியை வெச்சு ஏமாத்தினேன்னு நினைப்பாங்கப்பா. வேலை போகும். கேஸ்கூட வரலாம்."

"தெரியும். அதனாலதான் முதல்ல உன்கிட்ட கேக்க வந்தேன். நீ வேணாம்னு சொன்னா சொல்லல."

பெரியவள் திரையைப் பார்த்தாள். "ஆறு மணி செய்தியை வீட்டுல போய்ப் பாருங்க. நான் வந்த பிறகு சேர்ந்தே பேசலாம்."

*

செய்தி ஆசிரியரின் அறைக் கதவை அவளே சாத்தினாள்.

"ஆறு மணி செய்தியில முப்பத்தொரு விநாடியும் போகணும் சார். முதல் செய்தியா."

"போட்டா என் வேலை போயிடும்."

"என் பெயர்ல போடுங்க. நான் தப்பா ஏத்திட்டேன்னு சொல்லுங்க."

"அவ்வளவு கேவலமானவனா நினைச்சிட்டீங்களா என்னை?" என்றார். கோபமில்லை, களைப்பு. "ஒரு மணி செய்திக்கு என்ன வந்திருக்கு தெரியுமா? மூணு வருஷத்துல இவ்வளவு போன் வந்ததில்ல. ஜனங்க கொதிச்சுப்போயிருக்காங்க. முதலாளி ‘சபாஷ்’னு மெசேஜ் அனுப்பியிருக்காரு. ராத்திரி ஷிப்ட் இருபத்தாறு பேரும் பிழைச்சிட்டாங்கன்னு நினைச்சேன்."

"என் தம்பியை ஒரு நோயாளியோட புருஷன் தள்ளி விட்டுட்டாரு சார். அந்தம்மாவுக்கு மூச்சு நிக்கப்போற நேரத்துல. அவன்கூட வேலை பார்க்கிற சிஸ்டர் எனக்குப் போன் பண்ணிச் சொன்னாங்க. அந்தம்மா போயிருந்தா, அந்தக் கணக்கு யார் பேர்ல?"

 அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். ஆறு மணி செய்தி வரிசையில் முதலில் இருந்ததை அடித்துவிட்டு, ‘ஆஸ்பத்திரி, முழுப் பேட்டி, 31 வி.’ என்று எழுதினார். அதன் கீழே வழக்கத்துக்கு மாறாகத் தன் முழுக் கையெழுத்தையும் போட்டார்.

"மூணு மாசமா இந்த வரிசையில நான் கையெழுத்தே போடறதில்ல. கவனிச்சீங்களா?" என்றார்.

எடிட்டிங் அறையில் அவள் சீட்டைக் காட்டியபோது மௌனம் எழுந்து நின்றார். பேட்டியை அவர் ஏற்கெனவே முழுசாகத் தயார் செய்து வைத்திருந்தார். "மத்தியானமே பண்ணிட்டேன். யாராவது கேப்பாங்கன்னு" என்றார். அன்றைக்கு அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

*

அவள் வீட்டுக்கு வந்தபோது ஏழு மணி. சின்னவன் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரே அப்பா, கையில் எந்தச் செய்தித்தாளும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். டிவியில் அவள் சேனல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"நாப்பத்திரண்டுன்னு சொன்னியே" என்று நேராக மகனிடம் கேட்டார் அப்பா. "அது ஏதோ ஒரு நாள் கணக்கா, தினமுமா?"

"தினமும்தான்பா. மழைக்காலத்துல அம்பதுகூடப் போகும்."

"பத்துக்கு ஒண்ணுன்னு விதி எழுத்துல இருக்கா?"

"இருக்கு. காட்டறேன்."

"இதை ஏன் முதல்லயே என்கிட்ட சொல்லல?"

"முதல் நாளே சொல்ல வந்தேன். நீங்க கேக்கல."

அப்பா தலையை ஆட்டினார். "கேக்கல. சரிதான். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லவா?"

"நேராவே பேசிக்கிட்டா நான் எதுக்கு நடுவுல? நானே போடறேன்" என்று அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாத்திரத்தோடு வந்தாள்.

பெரியவள் தம்பியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் முழங்கையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"ஆறு மணிக்குப் பார்த்தேன்கா" என்றான் அவன் முந்திக்கொண்டு. "ஒரு மணிக்குப் பார்த்தவங்க எல்லாரும் ஆறு மணிக்கும் பார்த்திருப்பாங்களா?"

பொய் சொல்ல அவளால் முடியவில்லை. "மாட்டாங்கடா. பாதிப் பேர்கூட மாட்டாங்க."

"ம்." ஒரு கவளம் சாப்பிட்டான். "பரவாயில்ல. அந்தக் கொஞ்சப் பேராவது ஆச்சே." தோளால் அவளை இடித்தான். சின்ன வயதில் சண்டை முடிந்ததும் அவன் செய்வது அது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்பா கைகழுவி வந்து போனை எடுத்தார். கறுப்புப் பெட்டியின்மேல் ஒட்டியிருந்த ரேட்டிங் கம்பெனி எண்ணை மூக்குக்கண்ணாடியை உயர்த்தி ஒவ்வொன்றாகப் படித்தார். அழுத்துவதற்கு முன் மகளைப் பார்த்தார். அவள், "பண்ணுங்கப்பா" என்றாள்.

எதிர்முனையில் ஒரு பெண் குரல். அப்பா தன் வீட்டு எண்ணைச் சொன்னார். எட்டு மாதக் கதையைச் சுருக்காமல், மழுப்பாமல், ஓர் ஆய்வு அறிக்கை வாசிக்கிற மாதிரி சொன்னார். எதிர்முனை ஏதோ கேட்டது. அப்பா சட்டென்று நிறுத்திவிட்டார்.  மகளின் பெயரைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

பெரியவள் எழுந்து போய் அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். தன் பெயர், சேனல், வேலை, எத்தனை வருடம் என்று தானே சொன்னாள்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எங்க ஆளுங்க வருவாங்க மேடம்" என்றது குரல். "அதுவரைக்கும் பெட்டியைத் தொடாதீங்க. நீங்க கண்டிப்பா வீட்டுல இருக்கணும். வக்கீல் யாராவது இருந்தா அவரையும் வெச்சுக்கலாம்."

வக்கீல் என்ற வார்த்தை பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் கேட்டுவிட்டது. பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

போனை வைக்கவும் பெரியவளின் கைப்பேசி அடிக்கவும் சரியாக இருந்தது. செய்தி ஆசிரியர்.

"முதலாளி வீட்டுல இருந்து அழைப்பு வந்துடுச்சும்மா. நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு பேரும் வரணுமாம். பயப்படாதீங்க, பேச வேண்டியதை நான் பேசிக்கறேன். அமைச்சர் ஆபீஸ்லேருந்து எவ்வளவு திட்டினாலும், ஒரு விஷயத்துல முதலாளி வாயைத் திறக்க முடியாது. நம்ம ரேட்டிங் நாலோ அஞ்சோ, நேர்மையா வந்த ரேட்டிங். அதை வெச்சுத்தான் பேசப்போறேன்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா அந்தச் சின்ன ரிமோட்டைத் துணியில் சுற்றி, நாளைக்கு வருகிறவர்களிடம் கொடுப்பதற்காக மேசை நடுவில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், நாளைக்குப் பத்து மணிக்கு என்னால வர முடியாது."

"ஏன்?"

"வீட்டுக்கு ஆள் வர்றாங்க." மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சார், நீங்க இப்ப நிக்கிறீங்களா, உக்காந்திருக்கீங்களா?"

"நிக்கிறேன். ஏம்மா?"

"உக்காருங்க சார். சொல்றேன்."